தக்காளி வேரில் முடிச்சு விழுந்தால்: நூற்புழுவும் எதிர்ப்பு ரகமும்

தக்காளிச் செடி மதிய வெயிலில் வாடித் தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது, மறுநாளும் அதே கதை. தண்ணீர் பற்றவில்லை போல என்று கூடுதலாக ஒரு தண்ணீர் விடுவோம். இலை மஞ்சளடித்தால் சத்துக் குறைபாடு என்று கொஞ்சம் யூரியா, கொஞ்சம் நுண்ணூட்டம். அதற்கும் கேட்கவில்லை என்றால் கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு மருந்து. வேரைத் தோண்டிப் பார்ப்பது கடைசியில்தான் நடக்கிறது. பல தோட்டங்களில் அதுவும் நடப்பதில்லை, செடி காய்ந்ததும் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு அடுத்த பயிர் வைக்கப் போய்விடுகிறார்கள்.

அதனால் முதலில் ஒரு செடியைத் தோண்டுவோம். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் நாம் பார்க்க வேண்டிய சிறு வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, மண்ணோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். வேர் சீராக, வெள்ளையாக, நூல் நூலாக இருந்தால் பிரச்சினை வேறு எங்கோ இருக்கிறது. வேர் முழுக்கக் கடுகு அளவிலும், மிளகு அளவிலும், முற்றிய நிலையில் இஞ்சித் துண்டு கணக்காகவும் வீங்கிக் கிடந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுதான். இதற்கு ஆய்வகம் தேவையில்லை, கண்ணே போதும்.

அவரை, தட்டைப்பயறு, பீன்ஸ் மாதிரி பயிர்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அவற்றின் வேரில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபிய முடிச்சுகளும் இருக்கும், அவை நல்லவை. அவை வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, ஏனென்றால் வேரே தான் வீங்கியிருக்கிறது. அதைப் பிய்க்க வேண்டுமென்றால் வேரைத்தான் பிய்க்க வேண்டும்.

இந்தப் புழு யார்? மண்புழுவுக்கும் இதற்கும் உறவே கிடையாது. மெலாய்டோகைன் என்ற பேரினம், அதில் நூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள். காய்கறிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலைந்துதான்: இன்காக்னிட்டா, ஜவானிகா, அரினேரியா, குளிர்ப்பகுதிகளில் ஹாப்லா, அப்புறம் புதிதாகத் தலைவலி தரும் என்டரோலோபி. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது. உலகில் இந்த முடிச்சை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் பெர்க்லி, 1855-ல், கண்ணாடிக் குடிலில் வளர்ந்த வெள்ளரி வேரில் பார்த்து. இந்தியாவில் முதல் பதிவு நம் பக்கம்தான். 1901-ல் பார்பர் என்ற தாவரவியலாளர் நீலகிரியின் தேவாலாவில் தேயிலை வேரில் கண்டு எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த அதே பார்பர்.

மண்ணில் திரியும் குட்டிப்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, வெறும் கண்ணுக்குத் தெரியாது. முட்டைக்குள்ளேயே ஒருமுறை தோல் உரித்துவிட்டுத்தான் வெளியே வரும், அந்த இரண்டாம் பருவக் குட்டிதான் வேரைத் தேடிப்போவது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால், திசு இளசாக இருக்கிற இடத்தில் ஊசி மாதிரி இருக்கும் வாயால் குத்தி உள்ளே நுழைகிறது. செல்களுக்கு இடையே ஊர்ந்து வேரின் நடுவில் ஓடும் சாற்றுக் குழாய்ப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஐந்தாறு செல்களைத் தேர்ந்தெடுத்து அவற்றில் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தப் புழுவின் உண்மையான சாமர்த்தியம். அந்தச் செல்கள் சாவதில்லை. பிளவுபடாமலேயே உள்ளே உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பெருகி, ஒரு செல்லுக்குள் பல பத்து உட்கருக்களோடு பூதாகாரமாக வளர்கின்றன. செடி இலையில் சமைத்ததையெல்லாம் அந்த இராட்சதச் செல்களுக்கு இறக்குகிறது. புழு அவற்றிலிருந்து உறிஞ்சிக் குடித்துக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளை போல அதே இடத்தில் உட்கார்ந்துவிடும், இனி நகராது, நகரும் தசையையும் இழந்துவிடும். சுற்றியுள்ள செல்களும் பெருகுவதால் நாம் பார்க்கிற முடிச்சு உண்டாகிறது. உள்ளே பெண் புழு பேரிக்காய் வடிவில் ஊதிப் பெருத்து, பின்பக்கமாக ஒரு பசைப்பையில் முட்டையிடுகிறது. ஒரு பையில் சாதாரணமாக 200 முதல் 500 வரை. இன்காக்னிட்டாவுக்கு ஆண் துணையே தேவையில்லை, பெண் தனியாகவே முட்டையிட்டுத் தள்ளும். கூட்டம் அதிகமாகிச் சாப்பாடு குறைந்தால் மட்டும் குட்டிகள் பல ஆணாக மாறி, வேரைவிட்டு வெளியேறிவிடுகின்றன. சாப்பிட வேண்டிய வாய் குறைகிறது, அவ்வளவுதான்.

மண் வெப்பம் 25 முதல் 28 டிகிரி இருந்தால் குட்டி உள்ளே நுழைந்து முட்டையிடும் வரை ஒரு மாதம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண், 300 முட்டை, அதில் 290 வீணாகி வெறும் 10 மட்டும் அடுத்த தலைமுறையில் முட்டையிடும் நிலைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, நூறு ஆயிரமாகிறது. நாலு மாதத் தக்காளிக்குள் மூன்று நாலு தலைமுறை முடிந்துவிடும். அதனால்தான் முதல் போகத்தில் மூலையில் ரெண்டு திட்டு மட்டும் குட்டையாக நின்றது, அடுத்தடுத்த போகத்தில் வயல் முழுக்கப் பரவுகிறது. புழு தானாக நடந்து இவ்வளவு தூரம் வரவில்லை, ஒரு வருஷத்தில் அது ஒரு மீட்டர்கூட நகராது. நாற்றோடு, கலப்பையோடு, பாசனத் தண்ணீரோடு, செருப்பில் ஒட்டிய மண்ணோடு நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

பயிருக்கு என்ன நஷ்டம்? சாற்றுக் குழாய் நசுங்கிக் கோணலாகிப் போவதால் தண்ணீரும் சத்தும் மேலே ஏறுவது குறைகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மதியம் வாடுவது இதனால்தான், உரம் போட்டும் மஞ்சளடிப்பதும் இதனால்தான். கேரட்டில் கிழங்கே கிளைத்து முண்டும் முடிச்சுமாகிறது, விளைச்சல் இருந்தாலும் சந்தையில் ஓரங்கட்டிவிடுவார்கள். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. புழு குத்திய வேரில் ஃபியூசேரியம் வாடல் பூஞ்சையும், பாக்டீரியா வாடலும் எளிதாக இறங்குகின்றன. வாடல் நோய்க்கு எதிர்ப்பு இருக்கிறது என்று வாங்கிய ரகம்கூட நூற்புழு இருக்கிற மண்ணில் சாய்வது உண்டு. விதைக்காரரைத் திட்டுவதற்கு முன் வேரைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி எதிர்ப்பு ரகம். பாக்கெட்டில் எதிர்ப்புத் திறன் என்று போட்டிருந்தால் செடியைப் புழு தொடாது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எதிர்ப்புள்ள தக்காளி வேருக்குள்ளும் குட்டிப்புழு நுழையத்தான் செய்யும். வித்தியாசம் உள்ளே போய் உட்காரும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. புழு உமிழ்நீரைச் செலுத்திய கொஞ்ச நேரத்தில், பல சோதனைகளில் அரை நாளுக்குள், அதன் தலையைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே செத்துவிடுகின்றன. இராட்சதச் செல் உருவாக இடமில்லை, சாப்பாடு இல்லை, புழு பட்டினியில் சாகிறது அல்லது திரும்பி வெளியேறுகிறது. செடிக்கு நாலைந்து செல் போனது, ஒரு வேர் பிழைத்தது.

தக்காளியில் இந்த வேலையைச் செய்வது மை என்ற ஒற்றை மரபணு, ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது. இது நம் தக்காளியுடையது அல்ல. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து வந்தது. அந்தக் காட்டுச் செடியையும் தோட்டத் தக்காளியையும் மகரந்தம் சேர்த்துக் கலந்தால் விதை உருப்படாது, கரு பாதியில் செத்துவிடும். கலிபோர்னியாவில் ஸ்மித் என்பவர் 1944-ல் அந்தக் கருவைச் சாகும் முன் எடுத்து ஊட்டச்சத்துக் கரைசலில் வளர்த்துச் செடியாக்கினார். அப்படிப் பிழைத்த ஒரே ஒரு கலப்புச் செடியின் வழியாகத்தான் இன்று சந்தையில் உள்ள நூற்புழு எதிர்ப்புத் தக்காளிகளுக்கெல்லாம் அந்த மரபணு வந்து சேர்ந்தது. 1950-களில் ஹவாயில் அதிலிருந்து வணிக ரகங்கள் வர ஆரம்பித்தன. 1998-ல் மரபணுவையே தனியாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள், அப்போது இன்னொன்றும் தெரியவந்தது: அதே மரபணு ஒருவகை அசுவினிக்கும் எதிர்ப்புத் தருகிறது. வேருக்குள் இருக்கும் புழுவுக்கும் இலையில் இருக்கும் பூச்சிக்கும் ஒரே காவல், எனக்கு இது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்தியாவிலும் எதிர்ப்பு ரகங்கள் வந்திருக்கின்றன. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்எல்-120, ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹிசார் லலித், பஞ்சாபிலிருந்து பிஎன்ஆர்-7, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா வர்தன். ஆனால் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் தனியார் வீரிய ஒட்டு விதைகள்தான், அவற்றின் பாக்கெட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். முன்பு வி, எஃப், என் என்று மூன்று எழுத்து போடுவார்கள், அதில் என் என்பது நூற்புழு. இப்போது பல நிறுவனங்கள் எம்ஏ, எம்ஐ, எம்ஜே என்று புழுவின் சிற்றினத்தையே குறிப்பிடுகின்றன: அரினேரியா, இன்காக்னிட்டா, ஜவானிகா. பக்கத்தில் எச்ஆர் என்றிருந்தால் உயர் எதிர்ப்பு, ஐஆர் என்றிருந்தால் இடைநிலை எதிர்ப்பு. நூற்புழுவுக்குப் பெரும்பாலும் ஐஆர்தான் போட்டிருப்பார்கள், அது ஏமாற்று வேலை இல்லை, உள்ளதைச் சொல்கிறார்கள். எதுவுமே இல்லாமல் நோய் எதிர்ப்பு மிக்கது என்று மட்டும் இருந்தால் எந்த நோய்க்கு என்று கேளுங்கள். அர்கா ரக்ஷக் நல்ல தக்காளி, இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என மூன்றுக்கு எதிர்ப்பு உண்டு. நூற்புழு அந்த மூன்றில் இல்லை.

மை மரபணு எங்கெல்லாம் கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு அதுதான் முக்கியம். மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பு தளர ஆரம்பிக்கும். 1960-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சித்திரை, வைகாசியில் சமவெளித் தோட்டத்து மண்ணை நினைத்துப் பாருங்கள், 28 எங்கே இருக்கிறது! மூடாக்கு இல்லாத செம்மண்ணில் மேல் அடுக்கு அதைத் தாண்டித்தான் கிடக்கும். அதனால் அதே எதிர்ப்பு ரகம் மார்கழிப் பட்டத்தில் நன்றாக நின்று, கோடைப் பட்டத்தில் முடிச்சு வைத்தால் விதை போலி என்று முடிவுகட்ட வேண்டாம். நடவுக்குப் பிறகு முதல் சில வாரங்கள் மண் குளிர்ச்சியாக இருப்பது மாதிரி பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும், வைக்கோல் அல்லது சருகு மூடாக்குப் போடுவதும் இந்த இடத்தில் உண்மையிலேயே பலன் தரும். வெப்பத்தைத் தாங்கும் வேறு மரபணு ஒன்று இன்னொரு காட்டுத் தக்காளியில் இருக்கிறது, ஆராய்ச்சி நடக்கிறது.

அடுத்தது, புழு எந்தச் சிற்றினம் என்பது. இன்காக்னிட்டா, ஜவானிகா, அரினேரியா மூன்றுக்கும் மை கேட்கும். குளிர்ப்பகுதி ஹாப்லாவுக்குக் கேட்காது. முன்னால் சொன்ன என்டரோலோபிக்கும் கேட்காது. இந்த என்டரோலோபி தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களில் இருப்பது 2016-ல் பதிவானது. பாதிக்கப்பட்ட கொய்யாத் தோட்டத்தில் ஊடுபயிராகவோ, கொய்யாவை அழித்த இடத்திலோ தக்காளி, கத்தரி, மிளகாய் போட நினைப்பவர்கள் எதிர்ப்பு விதை இருக்கிறதே என்று தைரியமாக இறங்க வேண்டாம். அந்தப் புழுவுக்கு அந்த விதை சாதாரண விதைதான். எந்தப் புழு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மண்ணும் வேரும் எடுத்துப் பக்கத்து வேளாண் கல்லூரி அல்லது அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே எதிர்ப்பு ரகத்தை அதே நிலத்தில் போகத்துக்குப் போகம் போட்டால் மிச்சமிருக்கும் புழுக்களில் அந்த எதிர்ப்பை மீறத் தெரிந்தவை மட்டும் பெருகும். கலிபோர்னியா, ஸ்பெயின், மொராக்கோ, கிரீஸ் நாட்டுத் தக்காளி வயல்களில் இது நடந்திருக்கிறது. ஆண் இல்லாமலே பெருகும் புழுவில் இப்படி மாற்றம் எப்படி வருகிறது என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தாங்கும் ரகத்தை எதிர்ப்பு ரகமாக நினைத்துக்கொள்வதால் வரும் நஷ்டம்தான் அதிகம் என்பது என் கருத்து. சில ரகங்கள் வேரெல்லாம் முடிச்சு இருந்தாலும் திடமாக வளர்ந்து, காயும் ஓரளவு கொடுத்துவிடும். வேர் வேகமாகப் புதுப்பிக்கும், அல்லது செடிக்கே வீரியம் அதிகம். பார்ப்பதற்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் உள்ளே புழு தங்குதடையில்லாமல் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தக்காளியை எடுத்துவிட்டு அடுத்ததாக வெண்டை ஊன்றினால் வெண்டை மொத்தத் தண்டனையையும் வாங்கும். உண்மையான எதிர்ப்பு ரகம் நேர் எதிர்: உள்ளே நுழைந்த குட்டிகள் செத்துப்போவதால் மண்ணில் புழு குறைந்து, அடுத்த பயிரும் அதன் பலனை அனுபவிக்கும். அதனால்தான் நூற்புழு ஆராய்ச்சியாளர்கள் ஒரு ரகத்தைச் சோதிக்கும்போது விளைச்சலை மட்டும் பார்க்காமல், பயிர் முடிவில் மண்ணிலும் வேரிலும் இருக்கும் புழு எண்ணிக்கையை ஆரம்ப எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே வந்தால் அந்தச் செடியில் புழு குறைகிறது. மேலே போனால், காய் எவ்வளவு வந்திருந்தாலும், அந்தச் செடி புழு வளர்க்கிறது.

மற்ற காய்கறிகளில் நிலைமை தக்காளி அளவுக்கு நன்றாக இல்லை. குடைமிளகாயில் அமெரிக்காவில் 1997-ல் சார்ல்ஸ்டன் பெல், கரோலினா வொண்டர் என இரண்டு எதிர்ப்பு ரகங்கள் வந்தன. தட்டைப்பயறில் ஒரு மரபணு நன்றாக வேலை செய்கிறது. வெண்டை, வெள்ளரி, பாகல், புடலை, சுரை எல்லாம் புழுவுக்கு விருந்து. வெண்டையில் நம்பி வாங்கக்கூடிய எதிர்ப்பு ரகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கத்தரிக்கு மட்டும் ஒரு வழி நம் கொல்லையிலேயே இருக்கிறது: சுண்டைக்காய். வற்றல் போடுகிறோமே, அதே சுண்டை. அதன் வேர் இன்காக்னிட்டா போன்ற முக்கிய நூற்புழுக்களுக்கு நல்ல எதிர்ப்பு காட்டுகிறது, பாக்டீரியா வாடலையும் தாங்குகிறது. அதை அடியில் வைத்து, மேலே நமக்கு வேண்டிய கத்தரி ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள், காய் கத்தரியாகவே வரும். ஒரு சிரமம், சுண்டை விதை முளைக்க நாளாகும், ஒரே சீராகவும் முளைக்காது, நாற்றும் மெதுவாகத்தான் தடிக்கும். அதனால் கத்தரி விதைக்குச் சில வாரங்கள் முன்பே சுண்டையை விதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டும் ஒரே கனத்துக்கு வராது, ஒட்டும் கூடாது. ஒட்டு நாற்று விலை அதிகம் என்பது உண்மை. நூற்புழுவும் வாடலும் சேர்ந்து இருக்கிற நிலமென்றால் மட்டும் அந்தக் காசைச் செலவழிக்கலாம்.

எதிர்ப்பு ரகம் கையில் இல்லாதவர்கள் சுத்தமான நாற்றில் ஆரம்பியுங்கள். பாத்தி நாற்றங்காலில் புழு இருந்தால் ஒவ்வொரு நாற்றிலும் வாங்கிக்கொண்டு போகிறோம், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு நாற்றில் அந்த அபாயம் மிகக் குறைவு. பாத்திதான் வேண்டுமென்றால் கோடையில் மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய பாலிதீன் தாளை இறுக்கமாக மூடி 4 முதல் 6 வாரம் வெயிலில் விடுங்கள். கறுப்புத் தாள் இதற்கு அவ்வளவு உதவாது. நடவு வயலில் கோடை உழவு, அடியுரத்தோடு வேப்பம் புண்ணாக்கு, முட்டையைத் தின்னும் பர்பூரியோசிலியம், பொக்கோனியா போன்ற பூஞ்சைகளை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவது, இவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும், எதுவும் துடைத்தெடுக்காது. துலுக்கச் சாமந்தியை வரப்போரம் நாலு செடி வைப்பது அழகுக்குத்தான், பலன் வேண்டுமென்றால் வயல் முழுக்க ஒரு போகம் அதையே பயிராகப் போட வேண்டும். தண்ணீர் வசதி உள்ள இடத்தில் நடுவில் ஒரு போகம் நெல் வைத்தால் தேங்கிய நீரில் காய்கறிப் புழு நன்றாகக் குறையும். நெல்லைத் தாக்கும் வேர்முடிச்சுப் புழு வேறு, அது தனி இனம். மணத்தக்காளி, குப்பைக்கீரை மாதிரி களைகளை விட்டுவைத்தால் பயிர் இல்லாத மாதங்களிலும் புழுவுக்குச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

அறுவடை முடிந்ததும் வேர்களைத் தோண்டி எடுத்துக் காயவைத்து எரித்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள். அப்படி எடுக்கும்போதே அங்கங்கே பத்து இருபது செடிகளின் வேரை அலசி மதிப்பெண் போட்டு வைக்கலாம். உலகமெங்கும் பயன்படுத்தும் அளவுகோல் சுலபமானது: முடிச்சே இல்லையென்றால் 0, ஒன்றிரண்டு இருந்தால் 1, மூன்று முதல் பத்து வரை 2, பதினொன்று முதல் முப்பது 3, முப்பத்தொன்று முதல் நூறு 4, நூறுக்கு மேல் 5. பாத்தி வாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்ப்பு என்று சொல்லி வாங்கிய ரகத்துக்கு 4 விழுந்தால் மண் சூடா, புழு வேறா, விதையா என்று விசாரிக்க அந்த நோட்டு கையில் இருக்கும். 4, 5 விழுந்த பாத்தியில் அடுத்த போகம் வெண்டையும் பாகலும் வேண்டாம்.